எமன் வேடத்தைக் கலைத்தவர்: சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

2019 ஜூன் மாதம் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தது நினைவிருக்கிறதா? தொலைக்காட்சிகளில் அந்த நாட்களில் அதே பேச்சுதான். போட்டியிட்ட இரண்டு அணிகளில் ஒன்றின் பெயர் 'பாண்டவர் அணி'. பாக்யராஜ் தலைமையில் நின்ற மற்றொன்றின் பெயர் 'சுவாமி சங்கரதாஸ் அணி'. பாண்டவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. சங்கரதாஸ் யார் என்று கேட்டவர்கள்தான் அதிகம்!

தமிழ் சினிமாவைப் பற்றி விடிய விடியப் பேசக் கூடியவர்கள் நாம். பாகவதர் காலத்துப் பாட்டு முதல் நேற்று வந்த டிரெய்லர் வரை எல்லாம் தெரியும். ஆனால் அந்த சினிமாவுக்கு நடிகர்களையும் கதைகளையும் பாட்டுகளையும் தூக்கிக் கொடுத்தது நாடக மேடை. அந்த மேடையில் முதலில் நடிகராக நின்று, பிறகு வேடத்தைக் கலைத்துவிட்டு எழுத்தாணியைப் பிடித்தவர்தான் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்' என்று நாடக உலகம் இன்றும் அவரைக் கைகூப்பிச் சொல்கிறது.

கணக்கர் மேடையேறுகிறார்

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் சங்கரன் பிறந்தார். தந்தை தாமோதரன் தமிழ்ப் புலவர். இராமாயணம் சொல்வதில் பெயர் பெற்றவர். பையனுக்கு முதல் ஆசிரியர் அப்பாதான்.

இரண்டாவது ஆசிரியர் சாதாரண ஆள் இல்லை. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839-1898). அருணகிரிநாதரின் திருப்புகழில் வருகிறதே, துள்ளித் துள்ளி ஓடும் சந்தம், அந்த வண்ணப் பாட்டுக்கு இலக்கணமே எழுதியவர். அவரிடம் பயின்ற மாணவனுக்குச் சந்தம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பதினாறு வயதில் வெண்பாவும் கலித்துறையும் எழுதினாராம்.

ஆனால் வெண்பா சோறு போடாதே! உப்பு வியாபாரத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். தூத்துக்குடிப் பக்கம் உப்புக்குக் குறைவில்லை, கணக்குக்கும் குறைவில்லை. 24 வயது வரை அந்தக் கணக்குப் புத்தகத்தோடுதான் வாழ்க்கை.

1891-ஆம் ஆண்டு அதை மூடிவைத்துவிட்டு நாடகத்துக்கு வந்தார். ராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோர் நடத்திய நாடக சபையில் நடிகராகவும் ஆசிரியராகவும் சேர்ந்தார். இந்த ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதே 1891-இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 'சுகுண விலாச சபா'வைத் தொடங்கினார். அங்கே படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்தார்கள். அது அமெச்சூர் நாடகம். அவர்களை யாரும் 'கூத்தாடி' என்று சொல்லவில்லை. சங்கரதாஸ் சேர்ந்த உலகம் வேறு. அங்கே நடிப்பு வயிற்றுப் பிழைப்பு. ஊர் ஊராகப் போய், கொட்டகை போட்டு, டிக்கெட் விற்றால்தான் அடுத்த வேளைச் சாப்பாடு. கைதட்டல் இரவில் கிடைக்கும், மரியாதை பகலில் கிடைக்காது. நல்ல தமிழ் படித்த ஒரு புலவர் மகன் அந்த உலகத்துக்குள் தானாகப் போனார் என்பதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

சனீஸ்வரனும் எமனும்

சங்கரதாஸ் போட்டதெல்லாம் பயங்கர வேடங்கள். இரணியன், இராவணன், எமதருமன், நளதமயந்தியில் சனீஸ்வரன். ஆள் கம்பீரமானவர், கணீரென்ற குரல். மேடைக்கு வந்தாலே கொட்டகை அடங்கிவிடுமாம்.

அப்போதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவங்கள் நடந்ததாக நாடக உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒரு முறை சனீஸ்வரன் வேடத்தில் விடிய விடிய நடித்துவிட்டு, வேடத்தைக் கழுவ அதிகாலையில் நீர்நிலைக்குப் போனார். துணி துவைக்க வந்த ஒரு பெண் அரை இருட்டில் அந்த உருவத்தைப் பார்த்து, சனீஸ்வரனே நேரில் வந்துவிட்டான் என்று பயந்து விழுந்து இறந்துபோனாள். இன்னொரு முறை சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக முழங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்தது. இனி வேடமே போடுவதில்லை என்று சங்கரதாஸ் முடிவெடுத்தார்.

கேட்டால் கட்டுக்கதை போல இருக்கிறது, இல்லையா? நூறு ஆண்டுகள் வாய்வழியாக வந்த கதையில் காலும் கையும் முளைத்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். தெருவில் மின்விளக்கு இல்லை. சினிமா இல்லை. எமனைப் படத்தில் பார்த்தால்தான் உண்டு. அந்த எமன் கரிய முகமும் உருட்டும் கண்ணுமாக, பத்தடி தூரத்தில், மங்கலான வெளிச்சத்தில் உறுமிக்கொண்டு வந்தால்? சனி பார்வைக்கு விளக்கு ஏற்றும் ஊரில் சனீஸ்வரனே குளத்தங்கரையில் நின்றால்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். "பார்த்தவர்கள் மயங்கி விழுந்தார்கள்" என்பதை விளம்பரமாக்கி இரண்டு மடங்கு டிக்கெட் விற்றிருக்கலாம். ஒரு நடிகனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்? அவருக்கு அது பாராட்டாகப் படவில்லை, பாவமாகப் பட்டது. நடிகர் சங்கரதாஸின் கதை அங்கே முடிகிறது.

காவியும் கஞ்சிராவும்

வேடத்தை விட்டவர் சாமி நாயுடு நாடக சபையில் ஆசிரியராக இருந்தார். பிறகு அதையும் விட்டார். காவி கட்டிக்கொண்டு தலம் தலமாகச் சுற்றினார். 'சுவாமிகள்' என்ற பட்டம் அப்போது வந்ததுதான். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை.

அப்படியே போயிருந்தால் முருகன் கோயில் வாசல்களில் பாடித் திரிந்த ஒரு சாமியாராக முடிந்திருப்பார். அவரைப் பிடித்து நிறுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்கிற சின்ன வாத்தியத்தைக் கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் ஏற்றிவைத்த லய மேதை அவர். சுவாமிகளைத் தன் வளர்ப்பு மகனாகவே ஏற்றுக்கொண்டு இசை நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார். மறுபடியும் நாடகத்துக்கே போ என்று அனுப்பிவைத்தவரும் அவர்தான் என்கிறார்கள்.

கணக்குப் பார்த்தால் சுவாமிகளிடம் அப்போது மூன்று சொத்துகள் சேர்ந்திருந்தன. தண்டபாணி சுவாமிகளிடமிருந்து சந்தம். மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து தாளம். இரணியனும் எமனுமாக நின்ற ஆண்டுகளிலிருந்து, மேடையில் எது எடுபடும் எது எடுபடாது என்கிற அனுபவம். வீட்டில் உட்கார்ந்து நாடகம் எழுதிய பண்டிதர்கள் பலருக்கு இந்த மூன்றாவது சொத்து கிடையாது. அவர்கள் எழுதியதைப் படிக்கலாம், நடிப்பது கஷ்டம்!

அவர் என்ன செய்தார்?

காஞ்சிபுரம், திருப்புட்குழி பக்கத்து நண்பர்களுக்கு இரவு முழுக்க நடப்பது என்றால் தெருக்கூத்துதான் முதலில் நினைவுக்கு வரும். வெட்டவெளி, முகவீணை, கட்டியங்காரன், பாரதக் கதை. தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போனால் அதே இரவில் இசை நாடகம். பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் சுற்றிய பிறகு வந்த வண்ணப் படுதாக்கள், மேடை ஓரத்தில் ஹார்மோனியம், மிருதங்கம்.

சுவாமிகள் வந்த காலத்தில் இந்த இசை நாடகத்தில் பாட்டுகள் மட்டும்தான் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தன. நடுவில் வரும் வசனம் நடிகரின் வாய்க்கு வந்தது. அர்ஜுனன் ஒரு ஊரில் ஒன்று பேசுவான், அடுத்த ஊரில் வேறொன்று பேசுவான். சில நாள் நன்றாக இருக்கும். சில நாள் காது கூசும். கைதட்டலுக்காகக் கதைக்குச் சம்பந்தமில்லாத பாட்டை நடுவில் செருகுவதும் உண்டு.

சுவாமிகள் நாடகத்தை முழுக்க எழுதினார். பாட்டு, வசனம், யார் எப்போது வருவது, எந்த இடத்தில் விருத்தம், எந்த இடத்தில் தர்க்கப் பாட்டு எல்லாம். வள்ளித் திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சாரங்கதாரா, பிரகலாதன், லவகுசா, நல்லதங்காள், சதி அனுசூயா, அபிமன்யு சுந்தரி... பட்டியல் நீளும். மொத்தம் 40 என்பவர்களும் உண்டு, 68 என்பவர்களும் உண்டு. வடமொழி மிருச்சகடிகத்தையும் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும்கூட அவர் தமிழ் மேடைக்கு எழுதினார்.

அவருடைய வசனத்தில் குறளும் நாலடியாரும் சர்வசாதாரணமாக வந்து விழும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து குறளைக் கேட்டுத் தலையாட்டினார்கள். இன்னொரு பக்கம் பழமொழி, கிண்டல், எதிர்வாதம். வள்ளியும் நாரதரும் பாட்டிலேயே மோதிக்கொள்ளும் தர்க்கத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். சம்பந்த முதலியார் பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை முன்னால் கொண்டுவந்தார். சுவாமிகள் பாட்டை வைத்துக்கொண்டே அதற்கு ஒழுங்கு கொடுத்தார். தமிழ் நாடகத்துக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

ஒரே இரவில் ஒரு நாடகம்

1910-இல் சுவாமிகள் 'சமரச சன்மார்க்க நாடக சபை'யை அமைத்தார். செங்கோட்டையிலிருந்து வந்த சகோதரர்கள் அதில் நடித்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன்தான் பின்னாளில் தமிழகத்தையே பாட்டால் மயக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா.

பெரிய நடிகர்களோடு பட்ட பாடு சுவாமிகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நேரத்துக்கு வருவதில்லை, பாடம் கேட்பதில்லை, சிலர் குடித்துவிட்டு வருவார்கள். எழுதி வைத்த வசனத்தை மதிக்கிற நடிகன் வேண்டுமானால் சின்ன வயதிலேயே உருவாக்க வேண்டும் என்று நினைத்தார். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கியது. பாய்ஸ் கம்பெனி என்று சினிமாக்காரர்கள் பேட்டிகளில் சொல்கிறார்களே, அந்த வகையைச் சேர்ந்தது இது.

அந்த சபையில் சேர்ந்த சகோதரர்கள்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள். அவர்களில் டி.கே.ஷண்முகம் 1912-இல் பிறந்தவர். சேரும்போது வயது ஆறு! அந்தப் பையனின் திறமையைப் பார்த்த சுவாமிகள் அவனுக்காகவே ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார். அதுதான் 'அபிமன்யு சுந்தரி'. பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

சுவாமிகள் கடுமையான வாத்தியார். அதட்டினால் பையன்கள் நடுங்குவார்கள். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை எல்லாக் குழந்தைகளுக்கும் இனித்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு, ஊர் ஊராக, அடியும் பாடமுமாகப் போன சின்னப் பருவம் அது. ஆனாலும் ஷண்முகம் பெரியவரான பிறகு, தன் சுயசரிதையான 'எனது நாடக வாழ்க்கை'யிலும் மேடைப் பேச்சுகளிலும் சுவாமிகளைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று சுவாமிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மாணவர் பதிந்து வைத்ததுதான்.

குரல் போனது

எமனாகக் கர்ஜித்த அந்தக் குரலுக்கு என்ன ஆனது தெரியுமா? கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது, பேச்சும் போனது. சொல்லிக் கொடுக்க வாய் இல்லை, எழுதக் கை இல்லை. சபை ஊர் ஊராகப் போனபோது அவரும் கூடவே இருந்தார். மேடையில் பையன்கள் பேசிய ஒவ்வொரு வரியும் அவர் எழுதியது. அதைக் கேட்டுக்கொண்டிருக்க மட்டும்தான் அவரால் முடிந்தது.

1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவர் விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் வீடு இல்லை, நிலம் இல்லை. நாடகங்கள்தான்.

நாடகங்கள் எங்கே போயின?

சோகமான விஷயம் இதுதான். அவர் எழுதியதில் பாதிகூட இன்று நூலாகக் கிடைக்கவில்லை. கம்பெனிக் கையெழுத்துப் பிரதிகள் கம்பெனிகளோடு அழிந்தன. வாய்க்கு வந்ததைப் பேசாதே, எழுதியதைப் பேசு என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவரின் எழுத்தே தொலைந்துபோனது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கம்பெனிகள் கலைந்த பிறகும் 'ஸ்பெஷல் நாடகம்' நின்றது. இதன் ஏற்பாடு சுவாரசியமானது. ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர்க்காரர், ஹார்மோனியம் வாசிப்பவர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. அன்று மாலை கோயில் திருவிழாவில் வந்து இறங்குகிறார்கள், ஒப்பனை போடுகிறார்கள், இரவு பத்து மணிக்கு மேல் வள்ளித் திருமணம் தொடங்கி விடிகாலை வரை நடக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும். அது சுவாமிகள் வகுத்த பாடம். அவர் பாட்டும் தர்க்கமும் சட்டம் மாதிரி. சட்டத்துக்குள் அவரவர் சாமர்த்தியம்.

அந்தச் சட்டத்துக்குள் அரசியலும் நுழைந்தது. வள்ளித் திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வருமல்லவா? விடுதலைப் போராட்ட நடிகர் விஸ்வநாத தாஸ், வெள்ளைக் கொக்கு பறந்து போவதாகப் பாடினால் கொட்டகையே ஆர்ப்பரிக்கும். கொக்கு யார் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்! பலமுறை சிறை சென்ற அவர், 1940-இன் கடைசி இரவில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து புகழ் பெற்றதும் இந்த நாடகங்களில்தான். 1934-இல் எம்.கே.தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கு வந்த முதல் படம் 'பவளக்கொடி'. மேடையில் அதே நாடகத்தில் அர்ஜுனனாக நடித்துப் பெயர் வாங்கிய பிறகு கிடைத்த வாய்ப்பு அது.

இன்றும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் வள்ளித் திருமணம் நடக்கிறது. நாடக நடிகர் சங்கங்களில் சுவாமிகள் படத்துக்கு மாலை போட்டு குருபூஜை செய்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய நினைவுச்சின்னம், ஏட்டைப் பார்க்காமலே அவர் பாட்டை விடிய விடியப் பாடும் அந்த நடிகர்கள். அவர்களில் பலர் அந்தப் பாட்டைப் புத்தகத்தில் படித்ததில்லை. மூத்த நடிகர்கள் பாடக் கேட்டுப் படித்தது.

தன் வேடத்தைப் பார்த்து ஓர் உயிர் போனது என்று நம்பிய ஒருவர், இனி என் உடம்பு மேடையில் தெரிய வேண்டாம் என்று விலகினார். நூறு ஆண்டுகள் கழித்தும் அவர் குரல் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. அடுத்த முறை தென்மாவட்டத்தில் பஸ்ஸில் போகும்போது, 'இன்று இரவு வள்ளித் திருமணம்' என்ற போஸ்டர் கண்ணில் பட்டால் இறங்கிக்கொள்ளுங்கள் நண்பர்களே. போர்வை ஒன்று எடுத்துப் போங்கள், பனி அதிகம். விடியும் வரை எழுந்திருக்க மனம் வராது.